நடுவீட்டு லேத்

திருத்தங்கலில் எங்களுக்கு ஒரே வரிசையில் மூன்று வீடுகள். அப்பா கட்டியவை. சிக்கனம் பார்த்து இடையில் ஒற்றைச் சுவராக எழுப்பிவிட்டார். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்று வீட்டிலும் தும்முவோம். முதல் வீட்டில் நானும் செல்வியும் பையனும். கடைசி வீட்டில் மாரீஸ்வரி குடும்பம். அவள் புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், அவள் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கப் போகிறாள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். நடுவீட்டில் ஒன்பது பத்து மாசம் குடியிருந்த அக்காவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம். அக்கா என்றே கூப்பிட்டேன், அப்படியே இருக்கட்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவீட்டுக்குள் இருந்தது ஒரு பழைய லேத். இரும்பையும் பித்தளையையும் கடைந்து உருட்டும் மெஷின். நாலரை அடி நீளம், வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். இப்போது தெரியும் என்பதால் சாவகாசமாகச் சொல்கிறேன். அப்போது தெரியாது. தெரியாத நாட்களில் நான் நடந்துகொண்ட விதத்தை விட்டுவிட்டு அந்த அக்காவைப் பற்றி மட்டும் பேச எனக்கு வழியில்லை.

வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் எப்போது வரும், வண்டி எங்கே நிறுத்த என்று கேட்பார்கள். இவர் முன்கதவைத் திறந்து மூடினார். பின்கதவைத் திறந்து மூடினார். பிறகு இரண்டையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் விருட்டென்று எழுந்து பின்பக்கமாக வெளியே போனார். திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்து போனார். ஐம்பது வயசுப் பொம்பளை இப்படிச் செய்ததும் செல்வி என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா பாக்குறீக?" என்றேன்.

"எந்திரிச்சு வெளிய போக எம்புட்டு நேரமாகுதுன்னு பாக்கேன் தம்பி. பின்கதவு உள்பக்கமாத் திறக்குது. அத வெளிப்பக்கமாத் திறக்குற மாதிரி மாத்திக்கிடவா?"

மாற்றிக்கொள்ளச் சொன்னேன். பட்டாசுக் கம்பெனியைப் பயராபீஸ் என்போம் எங்கள் பக்கம். பயராபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். "ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருந்தேன், விட்டு ரொம்ப வருசமாச்சு" என்றார். அதற்குமேல் நானும் தோண்டவில்லை.

அவரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவருடைய சந்தேகம்தான். மனுஷர்கள் மேல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். எல்லாவற்றின் மேலும். கேஸ் சிலிண்டர் வந்தால் போடுகிற பையனைப் போக விடமாட்டார். சோப்பு நுரையைக் கலக்கி வாய்ப்பக்கம் தடவி, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். அந்தப் பையன் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே, "நடுவீடுன்னா மொதல்ல போட்டுருதேண்ணே, அங்கன அரைமணி ஆகும்" என்பான். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்து ஒரு கணக்குச் சொன்னால், "இன்னொரு கையில பாருங்கம்மா" என்று மறு கையை நீட்டுவார். பின்கதவுச் சட்டம் மாட்டுவதற்குக் கொத்தனார் ரசமட்டம் வைத்துச் சரியாயிருக்கு என்றார். அக்கா ரசமட்டத்தையே திருப்பி வைத்துப் பார்த்து, "ஒங்க மட்டம் கோணல்" என்றார். கோணல்தான். கொத்தனார் அதற்கப்புறம் எங்கள் வீட்டு வேலைக்கே வரவில்லை.

எதைச் சொன்னாலும் "இருக்கலாம்" என்பார். மழை வரும்போல இருக்குக்கா என்றால், இருக்கலாம். இன்னைக்கு வெள்ளிக்கிழமை என்றால்கூட அதுதான் பதில். செல்வி ஒருநாள் குழம்பு கொடுத்துவிட்டு, "உப்பு சரியா இருக்காக்கா?" என்று கேட்டதற்கும் அதையே சொல்லிவிட்டு இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். செல்விக்கு மூக்குக்கு மேல் கோபம். எனக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்பெல்லாம் முதல் நாலு மாசத்தோடு சரி.

நாலாவது மாசம் நாங்கள் குலசாமி கும்பிடப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பினோம். நடுவீட்டு ஜன்னலுக்குக் கனத்த துணி கட்டியிருந்தது. மாரீஸ்வரி வீட்டிலும் அந்தப் பகல்களில் ஆள் இல்லை, அதனால் என்ன வந்து இறங்கியது என்று யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஷேர் ஆட்டோவில் சின்னச் சின்னச் சாக்கு மூட்டைகள் வந்தன. சின்ன மூட்டைதான், ஆனால் தூக்குகிறவன் கழுத்து நரம்பு புடைத்தது. நான் ஒருதடவை கைகொடுக்கப் போனேன். "வேணாம் தம்பி, நீங்க போங்க" என்று வாசலை மறித்துக்கொண்டார்.

பிறகு வாசலில் நனைந்த சாக்கு விழுந்தது. விடிந்ததும் ஒரு குடம் தண்ணீரை அதில் ஊற்றுவார். செருப்பை மூன்று முழம் தள்ளிக் கழற்றுவார். போனை வெளியே ஒரு செங்கல்மேல் வைப்பார். நூல் சேலை மட்டும்தான், வளையல் கிடையாது. கதவோரம் உள்ளங்கை அளவு செம்புத் தகடு ஒன்றை ஆணியடித்து, அதிலிருந்து ஒரு கம்பியை முருங்கை மரத்தடியில் மண்ணுக்குள் இறக்கியிருந்தார். சாக்கை மிதித்து, தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போவார். வெயில் ஏறிவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுவார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஏதோ பூஜை விவகாரமாகத் தெரியும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இது வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் செய்வது. உடம்பில் உள்ள மின்சாரம் தகட்டில் இறங்கிவிடும், தரையில் பொறி பறக்காது, வெயிலில் மருந்து சூடேறாது. லேத் வைத்திருக்கிறவர்கள் யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குள் உட்கார்ந்து வெடிக்கு வைக்கும் கருந்திரி சுற்றுகிறவர்கள் செய்யக் கூடும். சீசனுக்குச் சீசன் எங்காவது ஒரு வீடு கூரையோடு போவதை நாங்கள் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

உள்ளே சரக் சரக்கென்று எதையோ சுரண்டும் சத்தம். சீமெண்ணெய் வாடை. ஒருநாள் அவர் இரண்டு கையும் முழங்கை வரை நீலமாக இருந்தன.

"என்னக்கா கையெல்லாம்?"

"மையி."

"உள்ள என்ன வேலை நடக்கு?"

"கைவேலதான். முடியட்டும், நானே கூப்பிட்டுக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் அவர்தான் என்னைச் சந்தேகப்படுகிறார் என்று தோன்றியது.

எனக்குத் தூக்கம் போயிற்று. நான் அச்சாபீஸில் பேப்பர் வெட்டும் மெஷினில் நிற்கிறவன். கை ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய வேலை. அதில் நின்றுகொண்டு நடுவீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்க வாய்க்காலில் அவர் ஊற்றும் கழிவுத் தண்ணீரில் சாம்பல் நிறத்தில் ஒரு தூள் படிவதைப் பார்த்தேன். வழித்தெடுத்துப் பேப்பரில் காயவைத்து, கண்மாய்க்கரைக்குக் கொண்டுபோய் ஒரு சிட்டிகையை மெழுகுவத்தித் தீயில் தூவினேன். பொன் நிறத்தில் பொறி கிளம்பியது. கம்பி மத்தாப்பில் பறக்குமே, கிளை கிளையாக, அதே பொறி. மத்தாப்புக்கும் புஸ்வாணத்துக்கும் இரும்புத்தூள் போடுவது எங்களுக்குத் தெரியாத சங்கதியா? மிச்சத்தைக் கண்மாயில் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பழைய லேத்தைச் சுரண்டினாலும் இரும்புத்தூள்தான் விழும் என்பது சிவகாசிப் பக்கத்துக்காரனுக்குத் தோன்றாது. எங்களுக்கு இரும்புத்தூள் என்றால் புஸ்வாணம்தான்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஏழாயிரம்பண்ணைக்காரர் ஒருவர் கல்யாண வீட்டுக்குப் போக என்னைக் கூப்பிட வந்தவர், வாசலில் அக்காவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். வண்டியில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்தம்மா ஒங்க வீட்லயா குடியிருக்கு?"

"ஆமா. தெரியுமா?"

"எந்திரிச்சு வந்த பொம்பளைன்னு சொன்னா எங்கூர்ல எல்லாருக்கும் தெரியும்யா."

அவர் சொன்னது இவ்வளவுதான். ஒரு அறையில் நாலு பேர் உட்கார்ந்து மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த அக்கா மருந்துத் தட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாயிருக்கே என்றாராம். மற்ற மூன்று பேரும் சிரித்தார்களாம். இவர் எழுந்து பின்கதவு வழியாகப் போய் வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறார். அறை போய்விட்டது. மூன்று பேரும் போய்விட்டார்கள்.

"ஒருத்தரும் அவுகளக் குத்தம் சொல்லலய்யா. ஆனா எதுத்தாப்ல வந்தா பேச்ச நிப்பாட்டிருவாக. எத்தன நாளைக்கு இருக்க முடியும்? ஊர விட்டுப் போயிட்டாக."

இதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த அக்காவுக்கு எப்போது எழுந்து போக வேண்டும் என்று தெரியும், எங்களுக்குத் தெரியாது, என்ற ஒரே நினைப்புதான் கல்யாணச் சாப்பாட்டில் முழுக்க ஓடியது. வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவை நானே அல்லவா வைக்கச் சொன்னேன்!

போலீசுக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். செல்வியும் கேட்டாள். பக்கத்துக் கிராமத்தில் கருந்திரி பிடித்த வீட்டுக்குச் சீல் வைத்து, வாடகைக்கு விட்டவரையும் சேர்த்துத்தான் கூட்டிப்போனார்கள். தெரியாது சார் என்றால் யார் நம்புவார்கள்? அப்பா கட்டிய மூன்று வீட்டுக்கும் பூட்டு விழும். அக்காவைக் காலி பண்ணச் சொல்லலாம். காரணம் கேட்டால்? கோபத்தில் உள்ளே இருப்பதை அவசரமாக எடுக்கப்போய் ஏதாவது ஆனால்? இப்படியெல்லாம் யோசித்து நான் எடுத்த முடிவைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முழுப் பரீட்சை லீவு விட்டிருந்தது. செல்வியையும் பையனையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது. நான் விடிவதற்கு முன்னால் பிரஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவது. அக்கா வேலை செய்வது காலையில்தானே, வெயில் ஏறி அவர் நிறுத்திய பிறகு வீட்டுப் பக்கம் வரலாம்.

பை கட்டிக்கொண்டிருக்கும்போது செல்வி மெதுவாகக் கேட்டாள்.

"மாரீஸ்வரிட்ட ஒரு வார்த்த சொல்லட்டுமா?"

"என்னன்னு சொல்லுவ?"

"பிள்ளைகளக் கொஞ்ச நாளைக்கு எங்கயாவது விடச் சொல்றேன்."

"அவ வாய் சும்மா இருக்குமா? அரைமணியில தெருவே கூடிரும். அப்புறம் வீட்ட மறந்துர வேண்டியதுதான். நீ கெளம்பு."

ஆட்டோவில் ஏறும்போது மாரீஸ்வரியின் மூத்தவள் ஓடிவந்து என் பையனின் பந்தைத் தான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். இவன் கொடுத்தான். "எங்க பிள்ளைகளுக்கு லீவுக்குப் போக ஊரு இல்லண்ணே, இங்கனதான் கெடக்கும்க" என்று மாரீஸ்வரி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆட்டோ திரும்பும்வரை செல்வி என்னைப் பார்க்கவே இல்லை.

பத்து நாள் இப்படி ஓடியது. பத்து நாளும் வாட்ச்மேன் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே பிரஸ் வாசலில் போய் நின்றேன். சுப்பர்வைசர், "என்னய்யா, பதவி உயர்வு எதுவும் எதிர்பாக்கிறயா?" என்று கேலி செய்தார். தூரத்தில் எங்காவது டமார் என்று கேட்டால் போனை எடுத்துப் பார்ப்பேன். எங்கள் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை டமார் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

பதினோராவது நாள் அசந்து தூங்கிவிட்டேன். நன்றாக விடிந்த பிறகு கதவைத் திறக்கிறேன், வாசலில் அக்கா நிற்கிறார். எனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

"தம்பி, கொஞ்சம் உள்ள வாங்க. முடிஞ்சிருச்சு."

"வேலைக்கு நேரமாச்சுக்கா."

"இந்தா, ரெண்டு நிமிசம்" என்று முன்னால் நடந்தார். மாட்டேன் என்று சொல்லத் தைரியம் வேண்டும், அதுவும் என்னிடம் இல்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார். போனைச் செங்கல்மேல் வைக்கச் சொன்னார். சாக்கில் கால் சில்லென்றது. தகட்டையும் தொடச் சொன்னார்.

கூடத்தில் லேத் நின்றது. அடுப்பு மேடை அளவுக்குக் கனத்த காலில், பச்சைப் பெயின்ட் அடித்து, சாக்கு மூட்டைகளில் வந்த பல் சக்கரமெல்லாம் கருப்பாக எண்ணெய் மின்ன நின்றது. நீளவாக்கில் இரண்டு இரும்புத் தண்டவாளம், அதன் முகம் முழுக்கச் சின்னச் சின்னப் பிறை பிறையாகச் சுரண்டிய தடம். அதன்மேல் விரலை ஓட்டச் சொன்னார். மாவு மாதிரி வழுவழுவென்றிருந்தது.

"அஞ்சு மாசம் சுரண்டியிருக்கேன் தம்பி. மேல நீல மையத் தடவி மட்டப் பலகைய ஒட்டி எடுத்தா, மேடா இருக்குற எடத்துல மட்டும் மை ஒட்டும். அத மட்டும் சுரண்டணும். திரும்ப மை, திரும்பச் சுரண்டல். பழைய இரும்புக் கடையில மழையில கெடந்துச்சு. இது இனி ஓடாதுன்னு எல்லாரும் சொன்னாக. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டறையில பதினோரு வருசம் லேத்துல நின்னவ நான். ஓடாதுன்னு யாரோ சொன்னா ஒத்துக்கிட முடியுமா?"

சுவிட்சைப் போட்டார். சத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மிக்ஸியைவிடக் குறைவு. பித்தளைத் துண்டு ஒன்றை மாட்டி உளியை ஒட்டினார். சுருள் சுருளாகப் பித்தளை உரிந்து விழுந்தது. ஒரு வளையம் போலக் கடைந்து, அளந்து, திருப்பிப் போட்டு இன்னொரு தடவை அளந்து என் கையில் கொடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏன்க்கா இத மொதல்லயே சொல்லக் கூடாது?" என்றேன்.

"ஓடுமான்னு எனக்கே தெரியல. ஓடாத மெசின வீட்ல வச்சுக்கிடுதேன்னு ஒங்ககிட்ட எப்படிக் கேக்க? ஓடுனதும் காட்டிட்டு, வச்சுக்கிடவான்னு கேக்கலாம்னு இருந்தேன்."

"நான் கருந்திரின்னுல்ல நெனச்சேன். இந்தச் சாக்கு, தகடு, செருப்பு…"

அக்கா வாசல் பக்கம் பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அந்தச் சாக்கு ஈரத்துல தினமும் விடிய இந்த இரும்புல துரு பூத்துருது. தொடைச்சு எண்ண போட்டுட்டுத்தான் வேலையே ஆரம்பிக்கேன். சாக்க எடுத்துட்டாத் துரு இல்ல. தெரியும். எடுத்துட்டு ஒருநா உள்ள வந்து பாத்தேன். கால் வர மாட்டேங்குது. சரி, துருவே பரவாயில்லன்னு விட்டுட்டேன்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "ஒங்க மேல தப்பு இல்ல தம்பி. பாத்தா அப்படித்தான் தெரியும். சந்தேகப்பட்டது நல்லதுதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. லேசானதும் வாய் நிற்கவில்லை.

"பயந்து செத்துட்டேன்க்கா. செல்வியையும் பயலையும் ஊருக்கே அனுப்பிட்டேன்னா பாத்துக்கங்க. பத்து நாளாச்சு."

அக்கா சுவிட்சை அணைத்தார். பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றது. மெஷின் நின்றதும் மறுபக்கச் சுவரில் தொப் தொப்பென்று சத்தம் கேட்டது. மாரீஸ்வரியின் பிள்ளைகள் பந்தைச் சுவரில் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் எண்ணுவது கேட்டது. பதினேழு, பதினெட்டு.

"இவுகளுக்கு?" என்றார் அக்கா.

புரியாதவன் போல நின்றேன்.

"இவுகளுக்குச் சொன்னீகளா தம்பி?"

"சொன்னா தெருக் கூடிரும்… வீட்டுக்குச் சீல் வச்சிருவாகன்னு…"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"'ஏட்டி, சூடாருக்கு'ன்னு நான் ஒரு தடவ சொன்னேன். சிரிச்சாளுக. திரும்பச் சொல்ல வெக்கமாருந்துச்சு. கையப் பிடிச்சு இழுத்திருக்கலாம். பக்கத்துல இருந்தவ என் சேக்காளி, கை எட்டுற தூரம். வெக்கப்பட்டுக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்." மெஷின்மேல் கிடந்த பித்தளைச் சுருளைத் தட்டிவிட்டார். "ஒரு தடவ சொன்னவளுக்கே இந்தப் பாடு தம்பி."

சுவரில் பந்து விழுந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து சாமான் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

"நான் வேற வீடு பாத்துக்கிடுதேன்."

"எதுக்குக்கா? நீங்க தாராளமா மெசின வச்சுக்கங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"அதுக்கில்ல. நாளைக்கு ஒங்க வீட்ல கேஸ் கசியும், ஒயர் புகையும். நீங்க பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவீக. சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் தூங்கிக்கிட்டுக் கெடப்பேன். என்னால முடியாது தம்பி."

சத்தியம் பண்ணினேன். அப்படியெல்லாம் இல்லை, உங்களுக்குச் சொல்லாமல் இருப்பேனா என்றேன். அவர் முதல் போல்ட்டைத் திருக ஆரம்பித்திருந்தார். ஐந்து மாசம் பாடுபட்டுப் பூட்டி, ஒரே ஒரு பித்தளை வளையம் கடைந்த மெஷின்.

ஆறு நாளில் பிரித்துக் கட்டிவிட்டார். லோடுமேன்கள் வந்து குழாய்களை அடியில் கொடுத்து உருட்டி ஏற்றினார்கள். நான் தூக்கப் போனபோது வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நான் பிடித்த முனையை இன்னொருவரையும் சேர்ந்து பிடிக்கச் சொன்னார். எந்த ஊருக்கு என்று கேட்டதற்கு, "பாக்கணும்" என்றார். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. லேத் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒழுங்காக ஓடவில்லை என்றால் அவர் விடமாட்டார்.

செல்வி வந்து சேர்ந்த அன்று நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதான் நான் அன்னைக்கே கேட்டேன்ல" என்றாள். சாயங்காலம் தண்ணீர் பிடிக்கும்போது மாரீஸ்வரி நடுவீட்டுப் பூட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா ஏண்ணே திடீர்னு காலி பண்ணிட்டாக? நல்லவுகளாத்தான இருந்தாக."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். இனி ஆபத்து ஒன்றுமில்லை, வீட்டுக்குச் சீல் வைக்க யாரும் வரப்போவதில்லை. செல்வி குடத்தைப் பாதியில் வைத்துவிட்டு என் வாயையே பார்த்தாள்.

"மெசின் ஓட்டணும்னாக. பள்ளிக்கூடம் தொறந்தா ஒம் பிள்ளைக எப்படிப் படிக்கும், சொல்லு. அதான் வேற எடம் பாருங்கன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

மாரீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க பிள்ளைகளுக்காகவாண்ணே சொன்னீக? எந்த வீட்டுக்காரரு இப்படிப் பாப்பாக?" என்றாள். பொழுது சாய்வதற்குள் மூத்தவள் கையில் ஒரு தூக்குவாளி நிறையக் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினாள்.

செல்வி அதைத் தொடவில்லை. நான் இரண்டு சாப்பிட்டேன்.